லேசி சட்டம்

லேசி சட்டம் என்பது சட்டத்துக்குப் புறம்பாகப் பெறப்பட்ட காட்டு விலங்குகள், மீன்கள், தாவரங்கள் ஆகியவற்றின் வணிகத்தைத் தடை செய்யும் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஆகும். 1900 ஆம் ஆண்டு மே 25 அன்று குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி இதில் கையொப்பமிட்டார். ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த காங்கிரசு உறுப்பினர் ஜான் லேசியின் பெயரால் இச்சட்டம் அழைக்கப்படுகிறது. 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மரங்களும் மரத்தால் செய்யப்பட்ட பொருட்களும் இதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. சட்டவிரோதமாக வெட்டப்பட்ட மரத்தின் இறக்குமதியைத் தடை செய்த உலகின் முதல் சட்டமாக இது கருதப்படுகிறது.

எந்த மரம் சட்டவிரோதமானது என்பதை இச்சட்டம் தானாக வரையறுப்பதில்லை. மரம் எந்த நாட்டில் வெட்டப்பட்டதோ அந்த நாட்டின் சட்டம் மீறப்பட்டிருந்தால், அம்மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதும் அங்கே வாங்குவதும் விற்பதும் குற்றமாகின்றன. இதனால் நாஷ்வில் நகரில் கிதார் செய்யும் நிறுவனம் ஒன்று மடகாசுகரின் காட்டுச் சட்டத்தையும் இந்தியாவின் ஏற்றுமதி விதிகளையும் அறிந்திருக்க வேண்டியதாகிறது. இச்சட்டத்தின் வலிமையும், இதைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளில் பெரும்பாலானவையும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்தே பிறந்தவை.

தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வணிக வேட்டை பெருந்தொழிலாக இருந்தது. பெண்களின் தொப்பிகளை அழகுபடுத்தும் இறகுகளுக்காகக் கொக்கு வகைகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் அளவுக்குப் பறந்த பயணிப் புறாக்கள் அரிதாகிவிட்டன (அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 இல் சின்சினாட்டி விலங்கினக் காட்சிச்சாலையில் இறந்தது). மாநிலங்கள் தத்தமது எல்லைக்குள் வேட்டைக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தன. ஆனால் வேட்டையாடியவர் பறவைகளைத் தொடர்வண்டியில் ஏற்றி அடுத்த மாநிலத்துக்கு அனுப்பிவிட்டால் அச்சட்டங்கள் பயனற்றுப் போயின.

லேசியின் தீர்வு எளிமையானது. புதிதாக ஒரு வேட்டைச் சட்டத்தை இயற்றாமல், ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்டவற்றை மாநில எல்லையைக் கடந்து கொண்டுசெல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கினார். அதே சட்டத்தில் தீங்கு விளைவிக்கும் அயல் உயிரினங்களின் இறக்குமதியும் தடை செய்யப்பட்டது. கீரி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றுடன் சிட்டுக்குருவியும் அந்தத் தடைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம்.

1935 ஆம் ஆண்டுத் திருத்தம் இதே கருத்தை நாட்டு எல்லைக்கு அப்பாலும் கொண்டுசென்றது. அதன்பின் பிற நாடுகளின் சட்டங்களை மீறிப் பிடிக்கப்பட்ட விலங்குகளும் இச்சட்டத்தின் கீழ் வந்தன. 1981 இல் சட்டம் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டு, மீன்கள் தொடர்பான 1926 ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்றும் இதனுடன் இணைக்கப்பட்டது. அப்போது தாவரங்களும் சேர்க்கப்பட்டன. எனினும் அமெரிக்காவில் இயற்கையாக வளரும், பாதுகாக்கப்பட்ட சில தாவரங்கள் மட்டுமே அதில் அடங்கின. அயல்நாட்டு மரங்களுக்கு மேலும் 27 ஆண்டுகள் இச்சட்டத்தில் இடமில்லை. ஒரு கிளியைத் திருடிக் கொண்டுவருவது குற்றமாகவும், அது கூடுகட்டியிருந்த மரத்தைத் திருடிக் கொண்டுவருவது குற்றமற்றதாகவும் இருந்த காலம் அது.

2008 ஆம் ஆண்டுத் திருத்தம்

திருட்டு மரத்துக்கு எதிரான சட்டத்தைக் கோரியவர்கள் சுற்றுச்சூழல் அமைப்புகள் மட்டுமல்லர். அமெரிக்க மரத் தொழில் நிறுவனங்களும் அதனை விரும்பின. உரிமத்தொகையும் வரியும் செலுத்தாமல் வெட்டப்படும் மரம் சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் நேர்மையாகத் தொழில் செய்வோர் போட்டியிட இயலவில்லை என்பது அவர்களின் வாதம். அமெரிக்கக் காடு மற்றும் காகிதத் தொழிற்சங்கம் செய்வித்து 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, சட்டவிரோத மரம் உலகச் சந்தையில் மர விலையைச் சராசரியாக 7 முதல் 16 விழுக்காடு வரை குறைக்கிறது என்று மதிப்பிட்டது. வழக்கமாக எதிரெதிர் அணிகளில் நிற்கும் மரத் தொழிலும் சூழலியலாளர்களும் இதில் ஒன்றுசேர்ந்தனர். செனட் அவையில் ரான் வைடன், பிரதிநிதிகள் அவையில் எர்ல் புளூமெனாவர் ஆகியோர் 2007 இல் இதற்கான முன்வரைவுகளைக் கொண்டுவந்தனர். இருவரும் மரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள்.

திருத்தம் தனிச்சட்டமாக நிறைவேறாமல் 2008 ஆம் ஆண்டின் மாபெரும் வேளாண் சட்டத்தின் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் வேறு காரணங்களுக்காக அவ்வேளாண் சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தார். காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அம்மறுப்பைத் தள்ளி மே 22, 2008 அன்று அதனைச் சட்டமாக்கின. குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்ட படியில் முழுமையான ஓர் அதிகாரமே தவறுதலாக விடுபட்டுப்போனது பின்னர் தெரியவந்தது. எனவே அதே சட்டம் சூன் மாதத்தில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, மீண்டும் மறுக்கப்பட்டு, மீண்டும் சட்டமாக்கப்பட்டது.

எவை குற்றமாகும்

திருத்தப்பட்ட சட்டத்தில் தாவரம் என்பது காட்டில் வளரும் எந்தத் தாவரத்தையும், அதன் வேர், விதை, பகுதிகள், அதிலிருந்து செய்யப்பட்ட பொருட்கள் ஆகியவற்றையும் குறிக்கும். இயற்கைக் காட்டு மரங்களோடு தோட்டங்களில் நட்டு வளர்க்கப்பட்ட மரங்களும் இதில் அடங்கும். பொதுவான உணவுப் பயிர்கள், மரமல்லாத பொதுச் சாகுபடி வகைகள், நடுவதற்காகக் கொண்டுவரப்படும் செடிகள், ஆய்வு மாதிரிகள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு.

குற்றம் நிகழ இரு படிகள் தேவை. முதலாவது, எந்த நாட்டிலோ மாநிலத்திலோ தாவரம் தொடர்பான ஒரு சட்டம் மீறப்பட்டிருக்க வேண்டும். மரத்தைத் திருடுதல், தேசியப் பூங்கா அல்லது காப்புக்காட்டில் வெட்டுதல், அனுமதியின்றியோ அனுமதித்த அளவுக்கு மேலோ வெட்டுதல், உரிமத்தொகை, வரி, வெட்டுக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தாதிருத்தல், ஏற்றுமதித் தடையை மீறி மரத்தை வெளியே அனுப்புதல் ஆகியன இவ்வாறான மீறல்கள். இரண்டாவது, அந்த மரத்தை ஒருவர் அமெரிக்காவில் இறக்குமதி செய்யவோ கொண்டுசெல்லவோ விற்கவோ வாங்கவோ வேண்டும். முதற்படியைச் செய்தவரும் இரண்டாம் படியைச் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. காட்டில் வெட்டியவர், பலகையாக அறுத்தவர், அறைகலன் செய்தவர், கப்பலேற்றியவர் எனப் பல கைகள் மாறிய பின்னரும் அந்தக் கறை மரத்தோடு சேர்ந்தே வருகிறது.

தண்டனை, அறிந்திருந்த அளவைப் பொறுத்து மாறுகிறது. மரம் சட்டவிரோதமானது என்று அறிந்தே இறக்குமதி செய்தவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அறியாவிட்டாலும் உரிய கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக்கூடும் என்ற நிலையில் உள்ளவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். உரிய கவனத்துடன் நடந்துகொண்டும் ஏமாற்றப்பட்டவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் மரம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. திருட்டுப் பொருள் யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியதே என்பது இதன் அடிப்படை.

பறிமுதல் வழக்குகளில் அமெரிக்க மரபுப்படி பொருளே எதிர்வாதியாக நிறுத்தப்படும். "ஐக்கிய அமெரிக்கா எதிர் பல்வேறு வடிவிலான கருங்காலி மரம்" என்ற தலைப்பில் ஒரு வழக்கு நடந்தது இதனால்தான்.

உரிய கவனம் என்றால் என்ன என்பதைச் சட்டம் பட்டியலிடவில்லை. அதே தொழிலில் உள்ள விவேகமான ஒருவர் அதே சூழ்நிலையில் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு என்பதே அளவுகோல். விலை சந்தை விலையைவிட மிகக் குறைவாக இருத்தல், ஆவணங்களில் முரண்பாடு, விற்பவர் கேள்விகளுக்கு விடை தர மறுத்தல் போன்ற அறிகுறிகளைக் கண்டும் காணாமல் விட்டவர் உரிய கவனம் செலுத்தியதாகக் கொள்ளப்படமாட்டார். தனியார் அமைப்புகள் வழங்கும் மரச் சான்றிதழ் இதற்கு உதவலாம், ஆனால் அது மட்டுமே போதிய காப்பு ஆகாது.

அறிவிப்புப் படிவம்

2008 ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த மற்றொரு கடமை அறிவிப்புப் படிவம் ஆகும். இறக்குமதியாளர் ஒவ்வொரு சரக்குக்கும் மரத்தின் அறிவியற்பெயர் (பேரினமும் சிற்றினமும்), மரம் வெட்டப்பட்ட நாடு, அளவு, மதிப்பு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். பொருள் செய்யப்பட்ட நாட்டைச் சொன்னால் போதாது. வியட்நாமில் செய்த நாற்காலியின் மரம் எங்கு வெட்டப்பட்டது என்பதே கேள்வி. எந்த இனம் பயன்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பயன்பட்டிருக்கக்கூடிய எல்லா இனங்களையும் குறிப்பிட வேண்டும். மறுசுழற்சிக் காகிதத்துக்கு அதிலுள்ள மறுசுழற்சிப் பொருளின் சராசரி விழுக்காட்டைச் சொல்ல வேண்டும்.

இப்படிவங்களை வேளாண் துறையின் கீழ் இயங்கும் விலங்கு மற்றும் தாவர நலப் பரிசோதனைப் பணியகம் பெற்றுக்கொள்கிறது. குற்றப் புலனாய்வில் மீன் மற்றும் வனவிலங்குப் பணியகமும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் ஈடுபடுகின்றன. வழக்கை நடத்துவது நீதித் துறை. உலகின் எல்லா மரப்பொருட்களுக்கும் ஒரே நாளில் படிவம் கேட்டால் துறைமுகங்கள் நின்றுவிடும் என்பதால், சுங்கப் பட்டியல் எண்களின் வரிசையில் இக்கடமை படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் மரத்தடி, அறுத்த பலகை போன்றவற்றில் தொடங்கிய இப்பணியின் ஏழாம் கட்டம் டிசம்பர் 1, 2024 அன்று நடைமுறைக்கு வந்தது. அறைகலன்கள், தக்கை முதலிய எஞ்சிய பொருட்கள் அப்போதே சேர்க்கப்பட்டன. படிவம் தேவைப்படாத காலத்திலும் சட்டவிரோத மரத்துக்கான தடை எல்லாப் பொருட்களுக்கும் பொருந்தியே வந்தது. இவ்விரண்டும் வேறு வேறு என்பது பலமுறை மறக்கப்படும் செய்தி.

நடைமுறைச் சிக்கல்களுக்குச் சில விலக்குகள் தரப்பட்டன. மரத்தூளையும் இழைகளையும் அழுத்திச் செய்யும் பலகைகளில் எந்த மரத்தின் துகள் எங்கே உள்ளது என்று கூற இயலாது. அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. 2020 ஏப்ரல் முதல், ஒரு பொருளின் மொத்த எடையில் தாவரப் பகுதி 5 விழுக்காட்டைத் தாண்டாமலும், அச்சரக்கில் தாவரப் பகுதியின் மொத்த எடை 2.9 கிலோகிராமைத் தாண்டாமலும் இருந்தால் படிவம் வேண்டியதில்லை. பன்னாட்டு உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட இனங்களுக்கு இச்சலுகை கிடையாது.

மர இனத்தைக் கண்டறிதல்

அறிவியற்பெயரைக் கேட்பது சிறிய நிபந்தனைபோல் தோன்றினாலும் மர வணிகத்தின் பழக்கத்துக்கு அது நேர் எதிரானது. மரச் சந்தை வணிகப் பெயர்களால் இயங்குகிறது. ரோஸ்வுட் என்ற ஒரே பெயரில் தென்னிந்தியாவின் ஈட்டி மரமும் (தோதகத்தி), பிரேசில், மடகாசுகர் நாட்டு மரங்களும் விற்கப்படுகின்றன. இவை டால்பெர்கியா பேரினத்தின் வெவ்வேறு இனங்கள். பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் ஏறத்தாழ முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இந்திய மரத்துக்கு அத்தகைய தடை இல்லை. மகோகனி என்ற பெயரின் கதையும் இதுவே.

இலையும் பூவும் இல்லாத பலகையைக் கொண்டு இனத்தைச் சொல்வது கடினம். உருப்பெருக்கியில் தெரியும் நுண்துளைகளின் அமைப்பு பெரும்பாலும் பேரினம் வரை மட்டுமே இட்டுச்செல்லும். ஒரிகன் மாநிலம் ஆசுலாந்தில் உள்ள மீன் மற்றும் வனவிலங்குப் பணியகத்தின் தடயவியல் ஆய்வகம், மரச்சீவலைச் சூடான வாயுவில் காட்டி அதிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருட்களை நிறைமாலைமானியால் அளந்து இனத்தைக் கண்டறியும் முறையைப் பயன்படுத்துகிறது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகம், மரத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கணினியே பார்த்து இனங்காணும் கருவி ஒன்றை உருவாக்கியது. மரம் வளர்ந்த இடத்தை அறிய அதிலுள்ள ஓரிடத்தான்களின் விகிதம் உதவுகிறது. இம்முறைகள் எல்லாம் முன்னரே திரட்டப்பட்ட மாதிரிகளுடன் ஒப்பிட்டே விடை சொல்கின்றன. மாதிரி இல்லாத இனத்தைக் கருவியாலும் அடையாளம் காண முடியாது.

கிப்சன் வழக்கு

இச்சட்டத்தைப் பொதுமக்கள் அறியச் செய்தது கிப்சன் கிதார் நிறுவனத்தின் மீதான நடவடிக்கையாகும். கிதாரின் கழுத்துப் பகுதியில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் விரற்பலகைக்குக் கருங்காலி, ஈட்டி போன்ற கடினமான மரங்கள் விரும்பப்படுகின்றன. 2009 நவம்பரில் டென்னசி மாநிலம் நாஷ்விலில் உள்ள இந்நிறுவனத்தின் தொழிற்சாலை சோதனையிடப்பட்டு, மடகாசுகர் கருங்காலி கைப்பற்றப்பட்டது. மடகாசுகர் 2006 இல் கருங்காலி வெட்டுவதற்கும் முழுமை பெறாத கருங்காலியை ஏற்றுமதி செய்வதற்கும் தடை விதித்திருந்தது. 2008 இல் அந்நாட்டுக்குச் சென்று வந்த நிறுவன ஊழியர் ஒருவர் இத்தடையை அறிந்திருந்தும் கொள்முதல் தொடர்ந்தது.

ஆகஸ்ட் 24, 2011 அன்று நாஷ்வில், மெம்பிஸ் ஆகிய இடங்களில் இரண்டாவது சோதனை நடந்தது. இம்முறை சிக்கியது இந்தியாவிலிருந்து வந்த கருங்காலி மற்றும் ஈட்டி விரற்பலகைகள். இச்சரக்கில் காட்டுத் திருட்டு என்ற குற்றச்சாட்டு எழவில்லை. கேள்வி தடிப்பைப் பற்றியது. சுங்கப் பட்டியலில் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள அறுத்த மரம் 4407 என்ற எண்ணிலும், அதற்கு மேற்படாத மென்தகடுகள் 4408 என்ற எண்ணிலும் வருகின்றன. 4407 இல் அடங்கும் மரத்தின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்திருந்தது. விரற்பலகைகள் 6 மில்லிமீட்டரைவிடத் தடிமனானவை. அவை வெறும் அறுத்த மரமா, இசைக்கருவியின் உறுப்பா? இந்திய ஏற்றுமதி ஆவணமும் அமெரிக்க இறக்குமதி ஆவணமும் வெவ்வேறு எண்களைக் காட்டின.

இது அரசியல் சர்ச்சையாக மாறியது. நிறுவனத்தின் தலைவர் என்றி யூசுகீவிச் 2011 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஒபாமா காங்கிரசில் உரையாற்றியபோது குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக அவையில் அமர்ந்திருந்தார். இந்தியத் தொழிலாளர்கள் மரத்தை முழுமையாக இழைத்துத் தந்திருந்தால் குற்றம் இல்லை, அமெரிக்கத் தொழிலாளர்கள் இழைத்தால் குற்றம் என்பது எவ்வகைக் காட்டுப் பாதுகாப்பு என்று அவர் கேட்டார். அவ்வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. மூலப்பொருளை வெளியே விடாமல் உள்நாட்டில் வேலைவாய்ப்பைப் பெருக்குவது இத்தகைய ஏற்றுமதித் தடைகளின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அறுத்த மரத்தின் ஏற்றுமதியைத் தடுப்பது கள்ள மரம் வெளியேறும் வழியை அடைப்பதும் ஆகும். மடகாசுகரின் தடை அத்தகையதே.

ஆகஸ்ட் 6, 2012 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. நிறுவனம் 3,00,000 டாலர் தண்டத்தொகை செலுத்தவும், தேசிய மீன் மற்றும் வனவிலங்கு அறக்கட்டளைக்கு 50,000 டாலர் வழங்கவும், 2,61,844 டாலர் மதிப்புள்ள மரத்தின் மீதான உரிமையைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது. மடகாசுகர் மரத்தைப் பொறுத்தவரை தன் தரப்புக் குறைபாடுகளையும் ஏற்றது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை முடிவு வேறாக இருந்தது. விரற்பலகைகளை எந்த எண்ணில் வகைப்படுத்துவது என்பதில் இந்தியச் சட்டத்தில் தெளிவின்மை உள்ளது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இந்திய அரசு குறிப்பாகத் தெரிவித்தாலன்றி அவற்றின் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்றும் அமெரிக்க அரசு இசைந்தது. கைப்பற்றப்பட்ட இந்திய மரம் பின்னர் திருப்பித் தரப்பட்டது.

அயல்நாட்டுச் சட்டத்தைச் சார்ந்திருப்பதன் இடர் மரத்துக்கு மட்டும் உரியதன்று. ஹொண்டுராஸ் நாட்டுச் சிங்கி இறால்களை நெகிழிப் பைகளில் அடைத்து இறக்குமதி செய்ததற்காகத் தொடரப்பட்ட லேசி சட்ட வழக்கில், மீறப்பட்டதாகக் கூறப்பட்ட விதி செல்லாது என்று ஹொண்டுராஸ் அதிகாரிகளே பின்னர் கூறினர். எனினும் 2003 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2011 அக்டோபரில் லேசி சட்டத்தைத் தளர்த்தும் முன்வரைவு ஒன்று காங்கிரசில் கொண்டுவரப்பட்டபோது இவ்வழக்கும் எடுத்துக்காட்டப்பட்டது. அம்முன்வரைவு நிறைவேறவில்லை.

பிற வழக்குகள்

மர இறக்குமதியில் லேசி சட்டம் தொடர்பான பெருந்தண்டனை, தரைப்பலகை விற்பனை நிறுவனமான லம்பர் லிக்விடேட்டர்ஸ் மீது விதிக்கப்பட்டதாகும். ரஷ்யாவின் தூரக் கிழக்கில், அமுர் புலியும் அமுர் சிறுத்தையும் வாழும் காடுகளில் அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மங்கோலியக் கருவாலி மரம் சீன ஆலைகளில் தரைப்பலகையாகி அமெரிக்காவுக்கு வந்தது. இறக்குமதிப் படிவங்களில் அது வேறொரு கருவாலி இனமாகக் காட்டப்பட்டது. மியன்மாரின் மெர்பாவு மரம் இந்தோனேசிய மகோகனி என்று எழுதப்பட்டது. நிறுவனம் 2015 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 பெப்ரவரியில் அபராதமும் பறிமுதலுமாக மொத்தம் 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. கிப்சன் வழக்கில் அயல்நாட்டுச் சட்டம் மயக்கம் தந்தது. இங்கு அப்படி எந்த மயக்கமும் இருக்கவில்லை.

பெரு நாட்டு அமேசான் காடுகளின் நிலை வேறு வகையானது. அங்கு மரத்துக்கு முறையான ஆவணம் இருக்கும், ஆனால் ஆவணம் கூறும் மரம் காட்டில் இராது. அனுமதி பெற்ற நிலத்தில் இல்லாத மரங்களை இருப்பதாகக் கணக்கெழுதி, அக்கணக்குக்கு வழங்கப்படும் போக்குவரத்துச் சீட்டுகளைக் கொண்டு வேறிடத்தில் திருடிய மரம் வெளியே கொண்டுவரப்படுகிறது. யாக்கு கல்பா என்ற கப்பலில் வந்த ஏறத்தாழ 1,770 டன் மரம் 2015 இல் ஹூஸ்டன் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. இறக்குமதியாளர்களுள் ஒரு நிறுவனம் உரிய கவனம் செலுத்தத் தவறியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பெரு சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு 2,00,000 டாலர் இழப்பீடு தர நேர்ந்தது. மரம் இழந்த நாட்டுக்கே பணம் திரும்பிய அரிய நிகழ்வுகளுள் இது ஒன்று.

2024 பெப்ரவரியில் புளோரிடாவில் முடிந்த ஒட்டுப்பலகை வழக்கில் இருவருக்குத் தலா 57 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சீன ஒட்டுப்பலகைக்கு அமெரிக்கா விதித்திருந்த கூடுதல் வரிகளிலிருந்து தப்ப, சரக்கு முதலில் மலேசியாவுக்கோ இலங்கைக்கோ அனுப்பப்பட்டு, அங்கு வேறு கொள்கலன்களுக்கு மாற்றப்பட்டு, அந்நாட்டுப் பொருளாக அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்டது. லேசி படிவத்தில் மர இனத்தையும் நாட்டையும் பொய்யாகக் கூறியதும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றது. வரி ஏய்ப்புக்காகச் சொன்ன பொய் காட்டுச் சட்டத்தில் அகப்பட்டது.

தாவரத் தொற்றுக்காப்பு விதிகளிலிருந்து வேறுபாடு

மர இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மற்றொரு சட்டத் தொகுதியும் உண்டு. பூச்சிகளும் நோய்களும் மரத்தோடு வந்துவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். 1996 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டதும், அது மரப்பெட்டிகள் வழியாக வந்திருக்கலாம் என்பதும் உலகை விழிக்கச் செய்தன. 2002 இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு நெறியின்படி சரக்குப் பெட்டிகள், அடித்தட்டுகள் முதலியவற்றின் மரம் உட்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட வேண்டும் அல்லது மெத்தில் புரோமைடு போன்றவற்றால் புகையூட்டப்பட வேண்டும். துறைமுகங்களில் மரப்பெட்டிகளின் மீது காணப்படும் கோதுமைக் கதிர் முத்திரை இதைக் குறிப்பது. இந்தியாவில் மர இறக்குமதியை ஒழுங்குபடுத்தும் 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணையும் இவ்வகையைச் சேர்ந்தது. அது மரத்தில் வண்டு உள்ளதா என்று கேட்கும். திருடப்பட்டதா என்று கேட்பதில்லை.

இந்திய ஏற்றுமதியாளர்கள்

மரக் கைவினைப் பொருட்களை அமெரிக்காவுக்கு விற்கும் இந்திய நிறுவனங்கள் வாங்குவோரின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தன. இதற்காகக் கைவினைப்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு மன்றம் விருக்ஷ் என்ற மரச் சட்டப்பூர்வச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது. மரம் வாங்கிய ஏலச் சீட்டிலிருந்து முடிந்த பொருள் வரை ஆவணத் தொடர் இருப்பதை அது சரிபார்க்கிறது.

சனவரி 2, 2017 முதல் டால்பெர்கியா பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் ஈட்டி, சீசம் மரப் பொருட்களுக்குத் தனி அனுமதியும் தேவைப்பட்டது. முடிவடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. 2022 இல் பனாமாவில் நடந்த மாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோகிராமுக்குக் குறைவான எடையுள்ள சீசம் பொருட்களுக்கு இந்தியாவின் வேண்டுகோளின்படி தளர்வு கிடைத்தது. இவ்வனுமதிகள் லேசி சட்டத்திலிருந்து விலக்கு தருவதில்லை. மரம் இந்தியச் சட்டப்படி வெட்டப்பட்டு, இந்தியச் சட்டப்படி வெளியேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடர்கிறது.

பிற நாடுகளில்

லேசி சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் மர ஒழுங்குவிதி 2010 இல் ஏற்கப்பட்டு மார்ச் 3, 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியா 2012 இலும் ஜப்பான் 2016 இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. ஐரோப்பிய விதியில் ஆய்ந்தறியும் நடைமுறை ஒன்றை வைத்திருப்பதே கட்டாயம்; சரக்கு சட்டவிரோதமானது என்று நிறுவப்படாவிட்டாலும் அந்நடைமுறை இல்லாதவர் தண்டிக்கப்படலாம். அமெரிக்கச் சட்டம் நடைமுறை எதையும் கட்டளையிடாமல் விளைவை மட்டுமே கேட்கிறது.

2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த படிக்குச் சென்றது. புதிய காடழிப்பு ஒழுங்குவிதி மரத்துடன் காப்பி, கொக்கோ, ரப்பர், செம்பனை, சோயா, மாட்டிறைச்சி ஆகியவற்றையும் உள்ளடக்குகிறது. டிசம்பர் 31, 2020 க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருளை, அந்நாட்டுச் சட்டம் அக்காடழிப்பை அனுமதித்திருந்தாலும் இவ்விதி ஏற்பதில்லை. விளைநிலத்தின் புவியிட ஆயங்களையும் தர வேண்டும். இதன் நடைமுறைப்படுத்தல் இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, பெரிய நிறுவனங்களுக்கு டிசம்பர் 30, 2026 என்று நாள் குறிக்கப்பட்டது.